எண்களோடு தோழமை கொண்டவர்

காவிரி பாயும் தஞ்சைப் பகுதியில் கணக்கு ஏட்டோடு நின்றுவிடவில்லை. வயலிலும் களத்திலும் அது வாழ்ந்தது. 12 மரக்கால் ஒரு கலம். 20 மா ஒரு வேலி. இவற்றை அறியாதவர் நெல்லை அளக்கவும் இயலாது. நிலத்தின் அளவைச் சொல்லவும் இயலாது. ஆதலால், திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் எண்சுவடியை ஒருமித்து உரக்க ஓதி நினைவில் நிறுத்தினர். நினைவாற்றலைப் போற்றிய இம்மண்ணில் வளர்ந்த ஒருவர், எண்களுக்கு இடையே மறைந்துள்ள உறவுகளைக் கண்டு உலகை வியக்கவைத்தார். அவரே கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

இளமையும் விளையாட்டும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதுபவர். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த எளிய இல்லத்தில், தாயார் கோமளத்தம்மாள் குடும்பத்தைச் சிக்கனமாக நடத்தினார். 1897ஆம் ஆண்டு தொடக்கக் கல்வித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற அச்சிறுவர், அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

வட்டத்திற்குரிய 'பை' என்னும் மாறிலியின் தசம இலக்கங்களைப் பள்ளித் தோழர்களிடம் வரிசையாகச் சொல்லி அவர் மகிழ்ந்தார். மாயச் சதுரம் அமைப்பதிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. 1 முதல் 9 வரையுள்ள எண்களை ஒன்பது கட்டங்களில், நெடுக்காகவும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் கூட்டினால் 15 வருமாறு நிரப்புவது அதன் எளிய வடிவம். நடுக்கட்டத்தில் 5 அமையும். அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் 8உம் 2உம், 6உம் 4உம், 1உம் 9உம், 3உம் 7உம் இணைகளாக நிற்கும். ஒவ்வோர் இணையின் கூடுதலும் 10. இவ்விணைகளை நினைவில் கொண்ட குழந்தைக்குச் சதுரத்தின் மாயம் எளிதில் விளங்கும். பின்னாளில் இராமானுஜன் எழுதிய குறிப்பேட்டின் முதல் இயலே மாயச் சதுரங்களைப் பற்றியதாகும்.

தோல்வியும் துணிவும்

ஏறத்தாழ பதினாறு வயதில், கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அதில் பெரும்பாலும் விரிவான நிறுவல்களின்றி இடம்பெற்றிருந்தன. அவற்றைத் தாமே நிறுவ முற்பட்டபோது புதிய தேற்றங்களும் பிறந்தன. ஆனால், கணிதமே உள்ளத்தை நிறைத்ததால் பிற பாடங்கள் பின்தங்கின. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை பறிபோயிற்று. சென்னையில் எழுதிய தேர்விலும் அவர் தேறவில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. தாள் வாங்கப் பணமின்றி, கற்பலகையில் எழுதி முழங்கையால் துடைத்துத் துடைத்து ஆய்வைத் தொடர்ந்தார். முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார்.

1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. மறு ஆண்டு சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். அம்மடலின் அருமையை உணர்ந்த ஹார்டி அவரை அழைத்தார். 1914இல் இங்கிலாந்து சென்ற இராமானுஜன், 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

1729

நோயுற்று மருத்துவமனையில் இருந்த இராமானுஜனைக் காணச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகை ஊர்தியின் எண் 1729 என்றும், அது சிறப்பற்ற எண்ணாகத் தோன்றுவதாகவும் கூறினார். இராமானுஜன் உடனே அதனை மறுத்தார். இரண்டு கனங்களின் கூடுதலாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அது என்றார். 1இன் கனத்தோடு 12இன் கனத்தைக் கூட்டினாலும், 9இன் கனத்தோடு 10இன் கனத்தைக் கூட்டினாலும் 1729 கிடைக்கும். பிறர் கண்ணுக்கு வெறும் இலக்கங்களாய்த் தெரிந்தவை, அவருக்கு நெடுநாள் பழகிய தோழர்களாய்த் தெரிந்தன.

1919இல் தாயகம் திரும்பிய அவர், நோயின் நடுவிலும் புதிய சார்புகளை ஆராய்ந்தார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார். அவரது பிறந்தநாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் செய்யத்தக்கது

இராமானுஜனைப் போன்ற மேதையாதல் அனைவர்க்கும் இயல்வதன்று. எண்களோடு தோழமை கொள்ளுதல் அனைவர்க்கும் இயலும். வீட்டிலுள்ள தம்பி தங்கையர்க்காகப் பழைய அட்டைகளை வெட்டி, ஒன்றில் 9+3 என்றும் மற்றொன்றில் 6+6 என்றும் இவ்வாறு இணை இணையாக எழுதுங்கள். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்து, ஒரு முறைக்கு இரண்டு அட்டைகளைத் திருப்பச் செய்யுங்கள். இரண்டின் விடையும் ஒன்றாயின் அவ்விணை திருப்பியவருக்கே உரியது. இல்லையேல் மீண்டும் கவிழ்த்துவிட வேண்டும். எது எங்கிருந்தது என்று நினைவில் வைக்க முயலும் குழந்தை, 12 என்னும் ஓர் எண்ணுக்கு முகங்கள் பல என்பதையும் தானே கண்டுகொள்ளும். பிழை நேர்ந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த முறை திருப்பும் வாய்ப்பு அக்குழந்தைக்கு உண்டு. 1729இல் இராமானுஜன் கண்டதும் அத்தகைய ஓர் இணையைத்தான்.