கஞ்சா மருந்து வீட்டுக்கு வருமா? 1839-ல் ஆராய்ச்சியை வெளியிட்ட டாக்டர் ஓஷானஸியின் கதை

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு போனில் மூட்டுவலிக்கு மருந்து தேடினால், 'விஜயா' எண்ணெய், 'விஜயா' மாத்திரை என்று விளம்பரங்கள் வந்து விழுகின்றன. விஜயா என்பது கஞ்சாச் செடிக்கு ஆயுர்வேதத்தில் உள்ள பெயர். இன்னொரு பக்கம், கஞ்சா வைத்திருந்தவர் கைது என்ற செய்தியும் அதே போனில்தான் வருகிறது. ஒரே செடி மருந்துப் பாட்டிலிலும் இருக்கிறது, எஃப்.ஐ.ஆரிலும் இருக்கிறது. எப்படி?

இதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் போதும். கஞ்சாவை நவீன மருத்துவத்துக்குக் கொண்டுபோன அவர், இந்தியாவுக்குத் தந்திக் கம்பியையும் இழுத்தவர். பெயர் வில்லியம் புரூக் ஓஷானஸி.

யார் இவர்?

அயர்லாந்தின் லிமெரிக் நகரில் 1809-ல் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1829-ல் பட்டம் வாங்கினார். 1831-ல் இங்கிலாந்துக்குள் காலரா நுழைந்தது. அது முதலில் பரவிய சண்டர்லாந்து நகருக்கு நேரில் போய், நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். அப்போது அவருக்கு 22 வயது.

கிடைத்த விடை எளிமையானது. ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் பெருமளவு குறைந்திருந்தன. அதைத் திரும்பக் கொடுத்தால் ஆளைக் காப்பாற்றலாம் என்று எழுதினார். அதைப் படித்த ஸ்காட்லாந்து டாக்டர் தாமஸ் லாட்டா, 1832-ல் நோயாளிகளின் நரம்பு வழியாக உப்புநீரை ஏற்றிப் பார்த்தார். இன்று வாந்திபேதி என்று போனால் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் கையில் ஊசி குத்தி 'குளுக்கோஸ்' ஏத்துறாங்களே, அதன் தொடக்கப் புள்ளி இதுதான்.

கல்கத்தாவில் என்ன செய்தார்?

1833-ல் கிழக்கிந்திய கம்பெனியில் டாக்டராகச் சேர்ந்து கல்கத்தா வந்தார். 1835-ல் அங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் வேதியியல் பேராசிரியர் ஆனார். அவருடைய கண்ணில் பட்டது கடைவீதியில் சாதாரணமாக விற்ற கஞ்சா. வைத்தியர்கள் அதை மருந்தாகக் கொடுத்தார்கள்; மக்கள் போதைக்கும் எடுத்தார்கள். ஐரோப்பிய டாக்டர்களுக்கோ அதைப்பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரியாது.

அவர் வேலை செய்த முறைதான் இங்கே முக்கியம். முதலில் உள்ளூர் அறிவைக் கேட்டார். பண்டிட் மதுசூதன் குப்தா போன்றவர்களின் உதவியுடன் சமஸ்கிருத, பாரசீக நூல்கள் சொல்வதைத் தொகுத்தார். அடுத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய், பூனை போன்ற இறைச்சி தின்னும் பிராணிகளுக்கும் மீன்களுக்கும் மயக்கம் தெரிந்தது. மேய்கிற பிராணிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து தெரியவில்லை என்ற பிறகே மனிதர்களிடம் வந்தார்.

பலன் இருந்ததா?

சிலவற்றில் இருந்தது, சிலவற்றில் இல்லை. அவர் இரண்டையும் எழுதி வைத்தார்.

● மூட்டுவாதம்: நோயாளிகளுக்கு ஒரு கிரெயின், அதாவது சுமார் 65 மில்லிகிராம் கஞ்சாப் பிசின் கொடுத்தார். ஒருவர் கை காலை எப்படி வைத்தாலும் அப்படியே விறைத்து நிற்கும் நிலைக்குப் போய்விட்டார். டாக்டரே பதறிப்போய், அளவைப் பாதியாக்கினார்.

● வெறிநாய்க்கடி: நோயாளி பிழைக்கவில்லை. ஆனால் தண்ணீரைக் கண்டாலே வரும் அந்தக் கொடுமையான இழுப்பு குறைந்து, கடைசி நாட்கள் கொஞ்சம் அமைதியாகக் கழிந்தன.

● வில்வாத ஜன்னி (டெட்டனஸ்): தசை விறைப்பு தளர்ந்தது. சிலர் பிழைத்தார்கள்.

● குழந்தை வலிப்பு: பிறந்து 40 நாளான ஒரு பெண் குழந்தைக்கு வலிப்பு நிற்கவே இல்லை. வேறு மருந்துகள் பலிக்காத நிலையில், கஞ்சாச் சாறு சேர்த்த சொட்டு மருந்தை அளந்து அளந்து கொடுத்தார். குழந்தை பிழைத்தது.

இந்த முடிவுகளை 1839-ல் கல்கத்தா மருத்துவச் சங்கத்தில் வாசித்தார். கஞ்சா வலியையும் இழுப்பையும் தணிக்கும், பல நோய்களைக் குணப்படுத்தாது. இதுதான் அவருடைய கண்டுபிடிப்பின் சாரம். கிட்டத்தட்ட 180 வருஷம் கழித்து, 2018-ல், கஞ்சாவில் உள்ள சி.பி.டி. என்ற பொருளில் இருந்து செய்த மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. எதற்குத் தெரியுமா? குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய, கடுமையான வலிப்பு நோய்களுக்கு.

லண்டனுக்குப் போனது எப்படி?

1841-ல் ஊர் திரும்பும்போது கஞ்சாவையும் கூடவே கொண்டுபோனார். லண்டனில் பீட்டர் ஸ்கொயர் என்ற மருந்துக்கடைக்காரர் அதிலிருந்து சாறு தயாரித்தார். டாக்டர்கள் சீட்டு எழுத, பாட்டிலில் விற்பனையானது. விக்டோரியா ராணியே மாதவிடாய் வலிக்கு இதைச் சாப்பிட்டார் என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு நேரடி ஆதாரம் கிடையாது.

மருந்தாக அது நிலைக்கவில்லை. காரணம், ஒரு பாட்டிலில் இருக்கும் வீரியம் அடுத்த பாட்டிலில் இருக்காது. தண்ணீரில் கரையாது என்பதால் ஊசியாகவும் போட முடியாது. அதற்குள் மார்ஃபின் ஊசியும், 1899-ல் ஆஸ்பிரினும் வந்துவிட்டன. போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளைப் பிரித்தறிந்ததே 1964-ல்தான். அதுவரை எல்லாருமே குத்துமதிப்பாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தந்தி எங்கே வந்தது?

கஞ்சா ஆய்வு வெளிவந்த அதே 1839-ல், கல்கத்தா அருகே மூங்கில்களில் 21 மைல் கம்பி கட்டி மின்தந்தி அனுப்பிப் பார்த்தார். அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1844-ல் மீண்டும் இந்தியா வந்தவருக்கு, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் வாய்ப்பு கிடைத்தது. குரங்கு தொங்கினாலும் அறுந்துபோகாத தடித்த இரும்புக் கம்பியைப் பயன்படுத்தினார். 1855-ல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மெட்ராஸ் நான்கும் தந்தியால் இணைந்தன. 1856-ல் 'சர்' பட்டம் வந்தது. 1860-ல் இந்தியாவை விட்டுப் போனவர், 1889 ஜனவரியில் இங்கிலாந்தில் காலமானார்.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

1893-94-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த கஞ்சா விசாரணை ஆணையம், மெட்ராஸ் மாகாணம் உட்பட நாடு முழுவதும் சாட்சிகளை விசாரித்தது. மிதமான பயன்பாட்டால் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு, எனவே முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது அறிக்கை. 1961-ல் ஐ.நா. உடன்படிக்கை வந்தது. அதன் வழியில் 1985-ல் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) வந்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் இருந்து எடுத்தபோது, இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. ஆனால் உள்நாட்டுச் சட்டம் மாறவில்லை.

சரி, இன்று வீட்டுக்கு வருமா?

பிரிட்டனில் வரும். 2018 நவம்பர் 1 முதல் அங்கே சிறப்பு மருத்துவர் மட்டும் எழுதிக் கொடுக்கலாம். பெரும்பாலும் தனியார் கிளினிக்கில் வீடியோ ஆலோசனை, பிறகு உரிமம் பெற்ற மருந்தகம், அங்கிருந்து கூரியர் என்று போகிறது. புகைக்க அனுமதி இல்லை.

இந்தியாவில் நிலைமை வேறு:

● சட்டப்படி 'கஞ்சா' என்பது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. பிசின் 'சரஸ்'. இவற்றை வைத்திருந்தாலோ அனுப்பினாலோ குற்றம். கஞ்சா ஒரு கிலோவுக்குள் என்றாலும் ஒரு வருடம் வரை சிறை கிடைக்கலாம். 20 கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது 10 வருடம்.

● தனியாக உள்ள இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. இலை விஷயத்தில் விதி வகுப்பது மாநில அரசுகள். 'விஜயா' மருந்துகள் இந்த இலையை வைத்துத்தான் தயாராகின்றன. ஆயுர்வேதத்தில் இது நச்சுப்பொருள் பட்டியலில் இருப்பதால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும்.

● விதை எண்ணெய் உணவாக விற்க 2021-ல் அனுமதி கிடைத்தது. அது உணவு. வலி மருந்து கிடையாது.

● லண்டனில் இருக்கும் அண்ணன் தன் மருந்தைப் பார்சலில் அனுப்பலாமா? கூடாது. அங்கே எழுதிய சீட்டு இங்கே சுங்கத்திலோ போலீசிடமோ செல்லாது.

புற்றுநோய் வலியில் தவிப்பவர்களுக்கு உண்மையில் உதவும் சட்டமாற்றம் வேறொன்று. 2014 திருத்தத்துக்குப் பின் மார்ஃபின் உள்ளிட்ட சில வலி மருந்துகளைக் கொடுக்கும் நடைமுறை நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்கப்பட்டது. கஞ்சா அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் வலியால் துடிக்கும் ஒருவர் இருந்தால், ஆப்பைத் திறப்பதற்கு முன் வலித்தணிப்புச் சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள்.

விஜயா மருந்துதான் வாங்குகிறீர்கள் என்றால் நான்கு விஷயம் பாருங்கள்: பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவரின் சீட்டு, தயாரிப்பாளரின் உரிம எண், ஒரு வேளைக்கு எவ்வளவு என்ற தெளிவான அளவு, ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்ற விளக்கம். சர்க்கரை முதல் புற்றுநோய் வரை எல்லாம் தீரும் என்று ஒரு பாட்டில் சொன்னால் ஒதுக்கிவிடுங்கள். 1839-ல் பரிசோதனைக் குறிப்புகளோடு பேசிய ஓஷானஸியே அப்படிச் சொல்லவில்லை.