எண்ணே கண்ணானவர்

எண்ணைக் கண்ணாகக் கருதுதல் சான்றோர் மரபு. புறக்கண்ணின் ஒளி மறைந்த பின்னரும் எண்ணையே கண்ணாகக் கொண்டு அரும்பெருஞ் செயல் புரிந்தவர் கணித மேதை லியோனார்டு ஆய்லர் ஆவார்.

இவர் சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள பேசெல் நகரில் 1707ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமய குரு. மகனும் சமயப்பணி புரிதல் வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். ஆயினும், இளைஞரின் கணிதத் திறமையை உணர்ந்த யோகான் பெர்னூலி என்னும் பேராசிரியர் தந்தையாரின் மனத்தை மாற்றினார். 1727ஆம் ஆண்டில் ஆய்லர் இரஷியாவிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்று, அங்கிருந்த அறிவியற் கழகத்தில் பணி ஏற்றார்.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண் எனப்படும். 4,29,49,67,297 என்பது பகா எண்ணே என ஃபெர்மா என்னும் பேரறிஞர் கருதியிருந்தார். அது 641ஆல் வகுபடும் என்பதை இளம் வயதிலேயே ஆய்லர் கண்டறிந்தார். பெரியோர் கருத்தாயினும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

சில ஆண்டுகளில் நோயினால் அவரது வலக்கண் ஒளி குன்றியது. 1741 முதல் 25 ஆண்டுகள் பெர்லினில் பணியாற்றி, 1766இல் அவர் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். விரைவில் மற்றைக் கண்ணும் ஒளி இழந்தது. 1771இல் நகரில் மூண்ட பெருந்தீ அவர் இல்லத்தை எரித்தது. அவரைப் பிறர் தூக்கிச் சென்று காத்தனர். இத்தனை இடர்களுக்கும் அவர் உள்ளம் தளரவில்லை.

முப்பத்தோர் இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 2,14,74,83,647 கிடைக்கும். இதுவும் பகா எண்தானா என அவர் ஆராயப் புகுந்தார். இது பகுபடுமாயின், 46,340க்கு உட்பட்ட பகா எண் ஒன்றேனும் இதை வகுத்தல் வேண்டும். அத்தகைய பகா எண்களோ 4,700க்கும் மேற்பட்டவை. அவற்றுள் 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தருவனவற்றை மட்டும் சோதித்தல் போதும் என ஆய்லர் நிறுவினார். எஞ்சியவை நூற்றுக்கும் குறைவே. அவற்றுள் ஒன்றும் இவ்வெண்ணை வகுக்கவில்லை. ஆதலின் இது பகா எண்ணே என 1772ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். அதன்பின் பல்லாண்டுகள் இதனினும் பெரிய பகா எண்ணை எவரும் அறிந்திலர்.

ஆய்லர் ஓய்ந்திருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல மைந்தரும் மாணவரும் எழுதினர். அவருடைய ஆக்கங்களுள் ஏறக்குறைய பாதி, பார்வை குன்றிய இப்பிற்காலத்தில் தோன்றியவை. 1783ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள் வரை அவரது ஆராய்ச்சி தொடர்ந்தது. அன்றே அவர் இயற்கை எய்தினார்.

உடற்குறை உள்ளத்தின் ஊக்கத்தைத் தடுக்காது என்பதற்கு ஆய்லரின் வாழ்வு ஒரு சிறந்த சான்றாகும்.