பெட்டி நசுங்கியதால் கிடைத்த பாடம்

பூகம்பத்தோடு போராடிய ஒருவரைப் பற்றித் தெரியுமா?

அவர் பெயர் தாச்சூ நைட்டோ. 1886-ல் ஜப்பானில் பிறந்தார். முதலில் கப்பல் கட்டும் படிப்பில் சேர்ந்து, அப்புறம் கட்டடப் படிப்புக்கு மாறினார். வசேடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்.

1917-ல் அமெரிக்கா போனார். பயணத்தில் நிறைய சாமான் வைக்கணும்னு பெட்டிக்குள் இருந்த தடுப்புப் பலகைகளைக் கழற்றிவிட்டாராம். வழியில் பெட்டி நசுங்கிப் போச்சு! நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவர் யோசித்தார். கட்டடத்துக்குள்ளும் தடுப்பு மாதிரி கான்கிரீட் சுவர்கள் வைத்தால் தாங்குமே!

அந்தச் சுவர்களை ஒரே பக்கமா வைக்கக் கூடாது. ஒரு பக்கம் பலமாவும் மறுபக்கம் வெறுமையாவும் இருந்தால், நிலம் ஆடும்போது கட்டடம் முறுக்கிக்கொள்ளும். 'ட' வடிவக் கட்டடத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. (எங்க தெருவில் ஒரு வீட்டில் கடை வைக்க கீழ்ச்சுவரை இடிக்கிறாங்க. எனக்குப் பெட்டி ஞாபகம்தான் வந்தது.)

1923 செப்டம்பர் 1, மதியச் சாப்பாட்டு நேரம். டோக்கியோ பக்கம் பெரிய பூகம்பம். அடுப்புத் தீயும் பரவி ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் இறந்தார்கள். புதுசாகக் கட்டிய பெரிய கட்டடங்களே விரிசல் விட்டன. நைட்டோ கணக்குப் போட்ட ஜப்பான் தொழில் வங்கிக் கட்டடம் உறுதியாக நின்றது. அதன்பிறகுதான் எல்லோரும் அவரைத் தேடி வந்தார்கள்.

1958-ல் முடிந்த 333 மீட்டர் டோக்கியோ கோபுரமும் அவர் கணக்குதான். கம்ப்யூட்டர் இல்லை, கையில் சின்ன கணக்கு அளவுகோல்! 1970-ல் இறந்தார். 2011 பூகம்பத்தில் அந்தக் கோபுரத்தின் உச்சிக் கம்பி மட்டும் வளைந்தது.