நாவலரவர்களும் சிவசத்தி உண்மையும்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராக 1822 ஆம் ஆண்டு டிசம்பர் 18 இல் ஆறுமுக நாவலரவர்கள் அவதரித்தார்கள். சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் என்போரிடத்துத் தமிழும், உவெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலமும் கற்று, அப்பாடசாலையிலேயே ஆசிரியராயினார்கள். பேர்சிவல் பாதிரியார் செய்த பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார்கள். 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிற் சைவப்பிரசங்கத்தைத் தொடங்கி, மறுவருடம் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, மிஷன் உத்தியோகத்தைத் துறந்தார்கள். இவையெல்லாம் ஆசிரியர்கள் அறிந்தனவே. பலரும் கருதாத தொன்றுண்டு.

1849 ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சதாசிவப்பிள்ளையோடு தமிழகஞ் சென்று, திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்றுச் சென்னையை அடைந்தபோது, அங்கே அவர்கள் முதற்கண் அச்சிட்டவை இரண்டு நூல்கள். ஒன்று சூடாமணி நிகண்டுரை. அது பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது. மற்றையது சௌந்தரியலகரி உரை. வீரை கவிராச பண்டிதர் தமிழாக்கிய அந்நூல், சத்தியோடு கூடியவழியன்றிச் சிவம் தொழிற்படாது என்னும் கருத்தோடே தொடங்குவது. நைட்டிகப் பிரமசாரியாய் வாழ்ந்த ஒருவர் அம்மையின் துதிநூலை முதலில் வெளியிட்டமை வியப்பன்றோ!

காரணம் அக்காலநிலையில் உள்ளது. கடவுளுக்கு மனைவியும் உண்டோ என்று பாதிரிமார் நகைத்தனர். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கும் அக்கேள்வி புதிதன்று. அன்று வாய்மூடியிருந்தோர் எத்தனைபேர்! நாவலரவர்கள் சைவதூஷணபரிகாரத்தை 1854 இல் வெளியிட்டுத் தூஷணங்களுக்கு விடையிறுத்தார்கள். சிறுவர்க்கோ சைவவினாவிடையிலே, சத்தியென்பது வல்லமையென்றும், சிவபெருமானுடைய வல்லமையே உமாதேவியாரென்றும் எளிதில் உணர்த்தினார்கள்.

இவ்விடத்திலே ஆசிரியர் சிறிது நின்று விளக்கல்வேண்டும். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே உலகுக்கு மாயை முதற்காரணமும், சத்தி துணைக்காரணமும், சிவம் நிமித்தகாரணமுமாம். ஆயினும் தண்டசக்கரங்கள் குயவனின் வேறாயின. சத்தியோ நெருப்பிற் சூடுபோலச் சிவத்தின் வேறாகாதது. ஆதலாற் பொருள் இரண்டல்ல, ஒன்றே. ஆணென்றும் பெண்ணென்றும் கூறுவது அவ்வொன்றன் இரு நிலைகளையே. அர்த்தநாரீசுவரத் திருவுருவத்தைக் காட்டும்போது, இருவர் பாதிபாதியாய் ஒட்டப்பட்டனர் என்று பிள்ளைகள் எண்ணிவிட இடங்கொடுத்தலாகாது. உமாதேவியாரை வெறும் மனைவியென்று மாத்திரம் சொல்லி அடுத்த வினாவுக்குச் செல்லும் ஆசிரியர், பாதிரிமாரின் கேள்வியையே பிள்ளையின் கையிற் கொடுத்துவிடுகின்றார்.

அம்மையைப் போற்றிய நாவலரவர்களே, அம்மன் கோயில்களில் ஆடும் கோழியும் பலியிடுதலை வன்மையாகக் கண்டித்தார்கள். சிலர் இதனை முரண் என்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. சத்தி சிவத்தின் அருளேயாயின், அவ்வருள் உயிர்ப்பலியை வேண்டுமோ? கண்டனத்தின் கடுமை சில இடங்களில் மிகுந்தது என்பதை மாத்திரம் மறுத்தற்கில்லை.

1864 இற் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, 1879 டிசம்பர் 5 இல் நாவலரவர்கள் சிவபதமடைந்தார்கள். சௌந்தரியலகரிப் பதிப்பை இன்று பேசுவார் அரியர். சைவவினாவிடையோ நம் மாணவர் கையில் இன்றும் உள்ளது.