சேஷையா சாஸ்திரியாரும் குடிக்கணக்கும்

தமிழ்நாட்டிற் பிறந்து சமஸ்தானங்களின் நிர்வாகப் பொறுப்பைத் தாங்கிய பெரியோருள் ஸர் அ. சேஷையா சாஸ்திரியார் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். புதுக்கோட்டை நகரை அவர் புதுப்பித்ததையும், குளங்களைச் சீர்ப்படுத்தியதையும் பலர் அறிவர். அவர் திவானாக இருந்த காலத்தில் இரண்டு சமஸ்தானங்களில் குடிகள் தலைதலையாக எண்ணப்பட்டனர் என்பதை அறிந்தோர் சிலரே. ஜனத்தொகைக் கணக்கைக் குறித்து நாடெங்கும் விவாதம் எழுந்துள்ள இந்நாளில், அப்பெரியாரின் சரித்திரத்தை அந்த நோக்குடன் ஆராய்வது நன்மை பயக்கும் என்று நாம் கருதுகிறோம்.

1828-ஆம் வருஷம் தஞ்சை ஜில்லா அமராவதி கிராமத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். சென்னைக்குச் சென்று, கணித வல்லுநரான பவல் துரையிடம் கல்வி பயின்றார். பிற்காலத்தில் புகழ் பெற்ற ஸர் தி. மாதவராவும் அப்பள்ளியின் மாணவரே. சிறு உத்தியோகத்தில் புகுந்த சாஸ்திரியார், மச்சிலிப்பட்டணத்தில் ரெவினியூ வேலையை அடிப்படையிலிருந்து கற்று, படிப்படியாக உயர்ந்து, சென்னை ரெவினியூ போர்டின் தலைமைச் சிரஸ்தேதார் ஆனார். வயலும் களமும் அறிந்த அந்த அனுபவமே பின்னர் அவருக்குக் கைகொடுத்தது.

1872-இல் மாதவராவுக்குப் பின் திருவாங்கூர் திவான் பதவி அவரை வந்தடைந்தது. அங்கே 1875-ஆம் வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி முதன்முறையாக முறைப்படி ஜனத்தொகை எண்ணப்பட்டது. இங்கிலாந்தில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை நடந்துவந்த இவ்வேலையை, ஒரு சுதேச சமஸ்தானம் தன் சொந்த உத்தியோகஸ்தர்களைக் கொண்டே நிறைவேற்றியது. இதன் அறிக்கையை எழுதியவர் நாகமையா. அப்பொழுது கண்ட தொகை 23,11,379. 1881-இல் இது 24,01,158 ஆயிற்று. பெருக்கம் நூற்றுக்கு 4-க்குச் சற்றுக் குறைவு. ஆனால் இரு கணக்குகளுக்கும் இடையே கழிந்தவை ஆறு வருஷங்களும் நிரம்பாதவை. பத்து வருஷப் பெருக்கத்தோடு இதனை அப்படியே ஒப்பிடுவோர் தவறான முடிவுக்கே வருவர். ஜனப்பெருக்கத்தை அளப்பதில் முதற்பாடம் இதுதான்: எத்தனை பேர் என்பதோடு எத்தனை காலத்தில் என்பதையும் கேட்க வேண்டும்.

1878-இல் சாஸ்திரியார் புதுக்கோட்டைக்கு வந்தபோது, தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைச் சூறையாடி முடித்திருந்தது. அரண்மனையோ கடனில் மூழ்கியிருந்தது. அங்கு வழங்கிய அமானி முறையில் விளைச்சலைச் சர்க்காரும் குடியானவனும் பங்கிட்டுக்கொண்டனர். அறுத்த கதிரும் அடித்த நெல்லும் சர்க்கார் ஆள் வந்து அளக்கும்வரை களத்திற் கிடக்கும். திருட்டுக்குப் பயந்து காவலாள். காவலாளைக் கண்காணிக்க மற்றோர் ஆள். நெல்லை மரக்கால் மரக்காலாக அளந்த அந்த ஏற்பாட்டில், நெல்லை விளைவித்தவன் வீட்டில் எத்தனை வயிறுகள் என்று கேட்பார் இல்லை. சாஸ்திரியார் அம்முறையை ஒழித்துப் பணத்தீர்வையை ஏற்படுத்தினார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1871-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் ஜனத்தொகை 3,16,695. பத்து வருஷம் கழித்து அது 3,02,127. பஞ்சம் கடந்த நாட்டில் 14,568 பேர் குறைந்திருந்தனர். 1891-இல், சாஸ்திரியார் இளவரசரின் சார்பில் ராஜப்பிரதிநிதியாக ஆண்டபோது, தொகை 3,73,096 ஆக உயர்ந்தது. நூற்றுக்கு 23-க்கு மேற்பட்ட பெருக்கம்! இதனைத் திவானின் கீர்த்தியாகவே கொண்டு வெற்றி முரசு கொட்டுவது எளிது. நாம் அவ்வாறு செய்யத் துணியோம்.

ஆலங்குடித் தாலுகாவிலுள்ள திருவரங்குளத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழமையான சிவாலயம் உள்ள ஊர். வானம் பார்த்த பூமியும் குளத்துப் பாசனமும் கலந்த வட்டாரம். இத்தகைய ஊரில் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே நூறு பேர் கூடினால், அது நான்கு வழிகளில் நேரலாம். பிறப்புகள் இறப்புகளை மிஞ்சியிருக்கலாம். பஞ்சத்தில் தஞ்சைக்கும் கடல் கடந்தும் பிழைக்கப் போனவர்கள் திரும்பியிருக்கலாம். தீர்வை இலகுவானது கேட்டு அயலூரார் குடியேறியிருக்கலாம். அல்லது முன்பு எண்ணத் தவறிய வீடுகளை இம்முறை உத்தியோகஸ்தர் எண்ணியிருக்கலாம். முதல் மூன்றும் மக்களின் மாறுதல். நான்காவது கணக்கனின் மாறுதல். இவற்றைப் பிரித்தறியாமல் தொகையை மட்டும் பார்ப்பது அரைக் கணக்கே. பஞ்சத்தின் பின் வந்த மீட்சியும், நிர்வாகத்தின் சீர்திருத்தமும் ஒரே பத்தாண்டில் நேர்ந்தமையால், இது இன்னதன் பலன் என்று அறுதியிடுவது அரிது. அடுத்த பத்தாண்டில், 1901-இல், தொகை 3,80,440 தான். பெருக்கம் நூற்றுக்கு 2.

பின் நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 1921-இல் 4,26,813 ஆக இருந்த தொகை, 1931-இல் 4,00,694 ஆகக் குறைந்தது. தாது வருஷம் போன்ற கொடும் பஞ்சம் இல்லாமலே 26,119 பேர் குறைந்தனர். அக்காலத்துக் கணக்கு, குறித்த ஓர் இரவில் எவர் எங்கே இருந்தாரோ அங்கேயே அவரை எண்ணியது. ஆகவே இலங்கைத் தோட்டத்திலும் மலாய் நாட்டிலும் உழைத்த புதுக்கோட்டையான் தன் ஊர்க் கணக்கில் இடம் பெறவில்லை. அவன் இறக்கவில்லை, ஊரில் இல்லை, அவ்வளவே. வீட்டாரோ அவன் அனுப்பும் பணத்தை எதிர்நோக்கியிருந்தனர்.

எல்லை மாற்றமும் ஏமாற்றும். 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்தது. 1974-இல் அமைந்த புதுக்கோட்டை மாவட்டம் பழைய சமஸ்தானத்தினும் பரந்தது. 2011-இல் இம்மாவட்டத்தின் மக்கள் 16,18,345 பேர். இதனைச் சாஸ்திரியார் காலத்துத் தொகையோடு வைத்து நான்கு மடங்குக்கு மேல் பெருகினோம் என்போர், நிலப்பரப்பு வேறு என்பதை மறக்கின்றனர். அதே கணக்கில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள் காணப்பட்டனர். ஆண்கள் வேலை தேடி வெளியேறியதும் இதற்கு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

இது வெறும் புள்ளிவிவர ஆராய்ச்சி அன்று. ரேஷன் அரிசியும், பள்ளியும், மருத்துவமனையும், சட்டசபை ஸ்தானமும் இத்தொகையைக் கொண்டே பகிரப்படுகின்றன. லோக்சபையில் ராஜ்யங்களுக்கு உரிய ஸ்தானங்கள் 1971-ஆம் வருஷத் தொகைப்படியே நிற்குமாறு 1976-இல் அரசியற் சட்டம் திருத்தப்பட்டது. 2026-க்குப் பின் எடுக்கும் முதற் கணக்குவரை அந்நிலை நீடிக்கும்படி பின்னர் மீண்டும் திருத்தப்பட்டது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கு அவ்வருஷம் நடக்கவில்லை. அடுத்த கணக்குக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. குடும்பத்தை அளவோடு வைத்த ராஜ்யம் தன் குரலை இழக்கலாமா என்பது தமிழ்நாட்டின் கேள்வி. இக்கேள்வியை எழுப்பும் தொண்டர்கள், ஊர்தோறும் எண்ணிக்கை சரிவர நடக்கிறதா, வெளியூர் சென்றோர் எங்கே எண்ணப்படுகின்றனர் என்பதையும் கவனிப்பது கடமை. எண்ணப்படாதவன் பங்கைப் பிறகு எவரும் கேட்டு வாங்கித்தர இயலாது.

சாஸ்திரியார் 1894-இல் புதுக்கோட்டைப் பொறுப்பினின்றும் விலகி, 1903-இல் காலமானார். அவர் குடிகளின் வாக்கால் பதவிக்கு வந்தவர் அல்லர். அந்நிய வல்லரசின் நிழலில் நின்ற சமஸ்தானத்தின் ஊழியர். ஆயினும், களத்து நெல்லை மரக்கால் மரக்காலாக அளந்த ராஜ்யத்தில் அம்முறையை ஒழித்தவர் அவரே. திருவாங்கூரில் குடிகள் முதன்முறையாக முறைப்படி எண்ணப்பட்டபோது நிர்வாகத்தைத் தாங்கி நின்றவரும் அவரே. இன்று குடிகளே அரசர். தங்களைத் தாங்களே பிழையின்றி எண்ணிக்கொள்வது, பிறர் இட்ட வேலையாக இனி இருத்தல் ஆகாது.