கிப்லாவைத் தேடிய அறிஞர் அல்பிரூனி (ரஹ்)



மெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களில் இருக்கும் நம் சகோதரர்கள், செல்போனில் சிக்னல் இல்லாவிட்டால் நேர் மேற்கே நின்று தொழுகிறார்கள். போடியிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 22 டிகிரி திரும்ப வேண்டும். (நம் ஹனஃபி மத்ஹபில் திசை போதும், தொழுகை கூடிவிடும். பழைய தொழுகைகளைக் களாச் செய்ய யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

இந்தக் கணக்குக்காகவே பாடுபட்டவர் அபூரைஹான் அல்பிரூனி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 362, அதாவது கி.பி. 973-இல் குவாரிஸ்மில் பிறந்தார்கள். 1017-இல் கஸ்னி மஹ்மூது அந்த நாட்டைப் பிடித்தபோது, இவர்களையும் கஸ்னிக்குக் கொண்டுபோனார்.

அக்காலத்தில் விண்மீனை அளக்க உஸ்துர்லாப் என்ற பித்தளைத் தட்டு இருந்தது. வளையத்தில் தொங்கவிட்டு, பின்புறச் சட்டத்தின் துளை வழியே விண்மீனைப் பார்த்தால் அதன் உயரம் எத்தனை டிகிரி என்று தெரியும். முன்புறம் சுழலும் விண்மீன் வரைபடத்துக்கு அன்கபூத், சிலந்தி என்று பெயர். அதைத் திருப்பி அந்த உயரத்தில் வைத்தால் இரவில் மணி என்ன என்று சொல்லிவிடலாம். இந்தக் கருவியைச் செய்யும் முறைகளைப் பற்றியே அல்பிரூனி அவர்கள் தனிக் கிதாபு எழுதியுள்ளார்கள்.

ஆனால் 1018-இல் காபூலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மனக் கஷ்டத்தோடு இருந்தபோது கையில் எந்தக் கருவியும் இல்லை. என்ன செய்தார்கள்? கணக்குப் போடும் பலகையைத் திருப்பினார்கள். அதன் முதுகில் வட்டத்தின் ஒரு பகுதியை வரைந்து, டிகிரிகளைக் குறித்து, தூக்குநூல் கட்டி அளந்தார்கள். வசதி இல்லை என்று சொல்லி இல்மை விட்டுவிடுகிற நாம் யோசிக்க வேண்டிய இடம் இது.

பிறகு பஞ்சாபில் நந்தனா கோட்டை. போடிமெட்டில் நின்று கிழக்கே பார்த்தால் சமவெளி விரிந்து கிடப்பது போல அங்கேயும் மலைக்குக் கீழே சமவெளி. மலையின் உயரம் 652 முழம் என்று கணக்கிட்டார்கள். உச்சியில் நின்று, அடிவானம் கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்தார்கள். 34 கலை, அரை டிகிரிக்குச் சற்று மேல். இந்த இரண்டு எண்களை வைத்தே பூமியின் ஆரத்தைக் கண்டார்கள். அதற்கு முன் கலீஃபா மஃமூனின் ஆட்கள் பாலைவனத்தில் நடந்து நடந்து அளந்த வேலை அது.

அவர்கள் கஸ்னியின் கிப்லாவைக் கணக்கிட்ட கிதாபு 1025-இல் முடிந்தது. சமஸ்கிருதம் படித்து இந்தியாவைப் பற்றிப் பெரிய நூலும் எழுதினார்கள்.

மரணப் படுக்கையில் மூச்சு வாங்கும் நிலையில், பார்க்க வந்த ஃபகீஹிடம் வாரிசுரிமையில் பாட்டிமார் பங்கு பற்றிய ஒரு மஸ்அலாவை விளக்கச் சொன்னார்களாம். இந்த நேரத்திலா என்று அவர் தயங்க, அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேலல்லவா என்ற கருத்தில் பதில் வந்தது. அவர் விளக்கினார். இவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார்கள். ஃபகீஹ் விடைபெற்றுத் தெருவில் நடக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியுள்ளனர்.