மக்கள்மொழி அறிந்த காவலர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வறுமையிலிருந்து விடுபட விரும்பிய இத்தாலியர் பல்லாயிரவர் கப்பலேறி நியூயார்க் நகரை அடைந்தனர். அவர்களிடையே குற்றக் கும்பல்கள் சிலவும் வேரூன்றின. உழைத்து முன்னேறிய கடைக்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பணம் கேட்டு மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவற்றில் கருப்பு நிறக் கை ஒன்று வரையப்பட்டிருக்கும். பணம் தர மறுத்தோரின் கடைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன, குழந்தைகள் கடத்தப்பட்டனர். ‘கருப்புக்கை’ எனப்பட்ட இக்கொடுமையை எதிர்த்து நின்று, அப்பணியிலேயே உயிர்நீத்தவர் ஜோ பெட்ரோசினோ.

இளமையும் பணியும்

தென் இத்தாலியிலுள்ள பாதுலா என்னும் ஊரில் 1860ஆம் ஆண்டு தையல் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பெட்ரோசினோ பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறினார். தெருவோரத்தில் அமர்ந்து காலணிகளுக்கு மெருகேற்றினார். பின்னர் நகரத் தூய்மைப் பணியில் சேர்ந்தார். 1883ஆம் ஆண்டு நியூயார்க் காவல்துறையில் இடம்பெற்றார்.

அக்காலக் காவல்துறையில் அயர்லாந்து மரபினரே மிகுதியாக இருந்தனர். இத்தாலிய மொழி அறிந்த காவலர் அரியர். பெட்ரோசினோவோ அம்மொழியின் வட்டார வழக்குகளையும் அறிந்திருந்தார். கூலித் தொழிலாளியைப்போல மாற்றுடை அணிந்து மக்களோடு கலந்து துப்பறிந்தார். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட், நகரக் காவல்துறையின் பொறுப்பில் இருந்த 1895ஆம் ஆண்டில் அவருக்குப் பதவி உயர்வு அளித்தார்.

அச்சமும் மௌனமும்

1903ஆம் ஆண்டு, மரப்பீப்பாய் ஒன்றில் அடையாளம் தெரியாத ஆணின் உடல் கண்டெடுக்கப்பட்டது. பெட்ரோசினோ இறந்தவரின் நிழற்படத்துடன் சிறைக்குச் சென்று, அங்கிருந்த கைதி ஒருவரிடம் காட்டினார். இறந்தவர் அக்கைதியின் மைத்துனர் என்பது தெரியவந்தது. கும்பலைச் சேர்ந்தோர் கைது செய்யப்பட்டனர். ஆயினும், சாட்சிகள் உண்மையைக் கூற அஞ்சியமையால் எவரும் தண்டனை பெறவில்லை. குற்றவாளிகளுக்குத் துணைநின்றது மக்களின் மௌனமே என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

அம்மௌனத்தைக் கலைக்க, மக்களின் மொழியிலேயே பேசும் காவலர்கள் வேண்டுமெனப் பெட்ரோசினோ வலியுறுத்தினார். அதன் பயனாக 1904ஆம் ஆண்டில் இத்தாலியர் தனிப்பிரிவு அவர் தலைமையில் உருவானது. தொடக்கத்தில் அவருடன் ஐவர் மட்டுமே இருந்தனர். சிலர் செய்த குற்றத்திற்காக இத்தாலியர் அனைவரும் இழித்துரைக்கப்பட்ட காலம் அது. உழைத்து வாழ்ந்த எளியோரைக் காப்பதன்வழி அப்பழியைத் துடைக்கவும் அவர் முயன்றார். புகழ்பெற்ற பாடகர் என்ரிக்கோ கரூசோவும் மிரட்டலுக்கு ஆளானபோது அவர் உதவியையே நாடினார்.

இறுதிப் பயணம்

தாய்நாட்டில் தண்டனை பெற்றதை மறைத்துக் குடியேறியோரை, அவர்கள் வந்து மூன்றாண்டுகளுக்குள் நாடுகடத்த 1907ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அதற்குரிய நீதிமன்றச் சான்றுகளைத் திரட்டும் பொறுப்புப் பெட்ரோசினோவிடம் ஒப்படைக்கப்பட்டது. மனைவியையும், பிறந்து சில திங்களே ஆன மகளையும் பிரிந்து, 1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தாலிக்குப் புறப்பட்டார். மறைவாக இருக்கவேண்டிய அப்பயணம், அவர் சிசிலித் தீவின் பலெர்மோ நகரை அடையும் முன்பே நியூயார்க் நாளிதழில் செய்தியாகிவிட்டது.

எனினும் அவர் பணியைக் கைவிடவில்லை. 1909 மார்ச் 12ஆம் நாள் இரவு, பலெர்மோவின் மரீனா சதுக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அங்கும் மௌனமே வென்றது.

நிலைத்த புகழ்

நியூயார்க்கில் அம்மௌனம் கலைந்தது. ஏப்ரல் 12ஆம் நாள் நடைபெற்ற இறுதி ஊர்வலத்தில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திரண்டனர். மிரட்டலுக்கு அஞ்சி வாய்மூடியிருந்த இத்தாலியக் குடும்பங்களும் வெளிப்படையாகத் தெருவில் நின்று அவருக்கு விடைகொடுத்தன. அந்நகரின் ஒரு சதுக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாதுலாவில் அவர் பிறந்த இல்லம் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. மக்களின் நம்பிக்கையைப் பெறாமல் சட்டம் அவர்களைக் காக்க இயலாது என்பதே பெட்ரோசினோவின் வாழ்வு உணர்த்தும் உண்மையாகும்.